ஏவலும் வியங்கோளும்: குருகூர் வழியாக ஸ்பானியக் கட்டளை வினைகள்

திருவாய்மொழியின் முதல் பத்தில் இரண்டாம் திருவாய்மொழியைப் பொருளுக்காகப் படிப்பவர்கள் பலர். வினைமுற்றுகளை மட்டும் பார்த்துக்கொண்டே படித்தால் வேறொரு செல்வம் கிடைக்கும். அதில் பாசுரங்கள் பதினொன்று. இறுதிப் பாசுரம் பாடியவர் பெயரையும் ஊரையும் சொல்கிறது. மற்ற பத்தும் கேட்போரை நோக்கிய கட்டளைகள். முதல் மூன்று பாசுரங்கள் பலரை விளிக்கின்றன. அங்கே வினைகள் 'உன்னுமின்', 'சேர்மின்' என்று 'மின்' விகுதியோடு முடிகின்றன. நான்காம் பாசுரத்தில் அந்த விகுதி நின்றுவிடுகிறது. புல்கு, பற்று, அடங்கு என்று வெறும் பகுதியே வினைமுற்றாக நிற்கிறது; கடைசியில் ஓர் ஏகாரம் மட்டும் அசையாகச் சேர்கிறது. கூட்டத்தைப் பார்த்துப் பேசிய குரல் ஒருவனைப் பார்த்துத் திரும்பிவிட்டது. ஆறாம் பாசுரத்தில் 'அடங்கு' என்று ஏவலாக வந்த வினை, ஏழாம் பாசுரத்தில் 'அடங்குக' என்று வியங்கோளாக வருகிறது. மூன்றாம் பாசுரத்தின் 'சேர்மின்' பத்தாம் பாசுரத்தில் 'சேர்' ஆகிறது.

பன்மை ஏவல், ஒருமை ஏவல், வியங்கோள் ஆகிய மூன்றும் இவ்வளவு சிறிய இடத்தில், ஒரே பொருளைச் சுற்றி, ஒரே குரலில் அமைந்திருப்பது அரிது. தமிழ்க் கட்டளை வினைகளைக் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில், அதாவது பழைய திருக்குருகூரில், பிறந்த நம்மாழ்வாரின் வாக்கு இது. ஸ்பானிய மொழியின் கட்டளை வினைகளைப் பற்றி எழுத வந்தவன் இங்கே தொடங்கக் காரணம் இருக்கிறது. ஸ்பானியத்திலும் கட்டளைக்கு இந்த மூன்று வாசல்களும் உள்ளன. ஆங்கிலத்தில் அவை இல்லை. தமிழ் மாணவர்களோ ஸ்பானியத்தை ஆங்கிலம் வழியாகவே கற்கிறார்கள்.

அதன் விளைவை வகுப்புகளில் காணலாம். ஆங்கிலத்தில் குழந்தையிடமும் நீதிபதியிடமும் நூறு பேரிடமும் 'பாடு' என்பதற்கு ஒரே சொல்தான். அந்த மொழிக்காரருக்காக எழுதப்பட்ட பாடநூல், ஸ்பானியத்தில் 'பாடு' என்பதற்கு நான்கு வடிவங்கள் உண்டு என்பதை ஒரு சுமையாகவே அறிமுகம் செய்கிறது. மனப்பாடம் செய்ய ஓர் அட்டவணையைத் தருகிறது. பாடு, பாடும், பாடுங்கள், பாடுக என்று அன்றாடம் பிரித்துப் பேசும் தமிழ்ப் பிள்ளையும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டு தடுமாறுகிறது. தன் மொழியிலேயே இருக்கும் விளக்கத்தை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அதை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் ஸ்பானிய வினைகளின் அமைப்பைப் பார்த்துவிடலாம். ஒழுங்கான ஸ்பானிய வினைகள் அகராதியில் 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்று ஈறுகளுள் ஒன்றோடு நிற்கும். 'கந்தார்' என்றால் பாடுதல், 'கொமேர்' என்றால் உண்ணுதல், 'அப்ரீர்' என்றால் திறத்தல். நெருங்கியவரிடம், ஒருவரிடம், 'பாடு' என்று சொல்ல ஈற்றிலுள்ள ரகர ஒற்றை எடுத்துவிட்டால் போதும்: 'காந்தா'. 'உண்' என்பதற்கு 'கோமெ'. 'ஈர்' ஈற்று வினையில் மட்டும் உயிர் சற்றுத் திரியும்: 'ஆப்ரெ', திற. அதே நெருக்கத்தில் பலரிடம் சொல்ல ரகரம் தகரமாக மாறும்: 'கந்தாத்', 'கொமேத்', 'அப்ரீத்'. இந்தப் பன்மை ஸ்பெயினில் வழங்குகிறது. அமெரிக்கக் கண்டத்து ஸ்பானியம் இதைக் கைவிட்டுவிட்டது. தமிழ் 'மின்' விகுதியைக் கைவிட்டு 'உங்கள்' என்பதை எடுத்துக்கொண்டது நினைவுக்கு வரலாம்.

மரியாதை வந்ததும் உயிரெழுத்து இடம் மாறும். 'ஆர்' வினை எகரத்தை ஏற்கும்; 'ஏர்', 'ஈர்' வினைகள் ஆகாரத்தை ஏற்கும். பாடுங்கள் என்று ஒருவரை மதித்துச் சொல்ல 'காந்தெ', உண்ணுங்கள் 'கோமா', திறவுங்கள் 'ஆப்ரா'. பலரிடம் சொல்ல ஒரு னகரம் கூடும்: 'காந்தென்', 'கோமான்', 'ஆப்ரான்'. 'நாம் பாடுவோம்' என்று தன்னையும் சேர்த்துக்கொள்ள 'கந்தேமோஸ்'. ஒழுங்கு வினைகளின் உடன்பாட்டுக் கட்டளை இவ்வளவுதான். விதியைச் சொல்ல ஒரு பத்தி போதும். ஏன் இப்படி என்பதற்குத்தான் இடம் வேண்டும்.

'காந்தா' என்பது கட்டளை மட்டுமன்று. 'அவன் பாடுகிறான்' என்பதற்கும் ஸ்பானியத்தில் 'காந்தா' என்றே சொல்ல வேண்டும். படர்க்கை ஒருமை நிகழ்கால வடிவத்தை எடுத்துக்கொண்டால் நெருக்கக் கட்டளை கிடைத்துவிடும் என்று பாடநூல்கள் சுருக்கு வழி சொல்கின்றன. வழி சரி, காரணம் வேறு. லத்தீனில் இவை இரண்டு வடிவங்கள். கட்டளை 'காந்தா', அவன் பாடுகிறான் என்பது 'காந்தாத்'. சொல்லின் ஈற்றிலிருந்த வல்லொற்று பல நூற்றாண்டுப் பேச்சில் தேய்ந்து விழுந்தபோது இரண்டும் ஒன்றாயின. ஆகவே ஸ்பானியக் கட்டளை படர்க்கை வினையிலிருந்து பிறக்கவில்லை. அது முதலிலிருந்தே விகுதி இல்லாத அடி. படர்க்கை வினை தன் விகுதியை இழந்து அதன் பக்கத்தில் வந்து நின்றது.

விகுதி இல்லாத அடியே கட்டளை என்பது தமிழருக்குப் பழகிய செய்தி. நன்னூலில் வினைப் பகுதிகளைக் காட்டவந்த பவணந்தியார், எந்தெந்த எழுத்தில் வினையடி முடியும் என்பதற்கு 23 சொற்களைத் தருகிறார். நட, வா, உண், தின், பார், கேள் போன்ற அந்தச் சொற்கள் அனைத்தும் ஏவல்கள். பகுதி எது என்று கேட்டால் ஏவலைச் சொல் என்பது அவர் முறை. தமிழ் வினையை நாவால் எடுத்துக் காட்ட வேண்டுமென்றால் யாரையாவது ஏவியாக வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 'நட' என்று எழுதி ஒரு கோட்டுக்குப் பிறகுதான் 'த்தல்' சேர்க்கிறது. திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், இம்மொழிகளில் முன்னிலை ஒருமை ஏவல் வினையடியோடு ஒன்றாகவே இருப்பதைக் குறித்திருக்கிறார்.

ஆனால் நம் உரையாசிரியர்கள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. 'நட' என்பது வெறும் பகுதியா, அல்லது 'நடவாய்' என்பதன் 'ஆய்' விகுதி குன்றி நின்ற முற்றா என்று கேட்டார்கள். 'செய்யாய்' என்ற முன்னிலை வினை 'செய்' என்று நிற்கும் இடமும் உண்டு என்று தொல்காப்பியம் எச்சவியலில் சொல்கிறது. விகுதி இருந்தது, மறைந்தது என்பது கருத்து. இதற்கு இணையான ஓர் எண்ணம் பாணினியிடமும் உண்டு. 'ஹி' என்பது வடமொழி ஏவல் ஒருமையின் விகுதி. அகரத்தில் முடியும் அடிக்குப் பின் அது கெடும் என்று அவர் விதி செய்கிறார். அதனால்தான் 'படி' என்பதற்கு 'பட' என்று அடியே நிற்கிறது. வெறுமையாக நிற்கும் சொல்லைக் கண்டதும் இங்கே ஏதோ இருந்து போயிருக்கிறது என்று இரு மரபுகளும் நினைத்தன. ஸ்பானிய மாணவருக்கு இந்தப் பழக்கம் நல்லது: 'காந்தா' என்பதைப் பார்க்கும்போது, விகுதியின்மையே அங்கே முன்னிலையைக் குறிக்கிறது என்று அவர் படித்துக்கொள்ளலாம்.

பாடநூல்கள் 'ஒழுங்கற்றவை' என்று தனியே ஒதுக்கும் எட்டு நெருக்கக் கட்டளைகளும் இந்தக் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியும். அவற்றுள் சில: வா என்பதற்கு 'பென்', வை என்பதற்கு 'போன்', வெளியே போ என்பதற்கு 'சால்', வைத்துக்கொள் என்பதற்கு 'தென்', செய் என்பதற்கு 'ஆஸ்', சொல் என்பதற்கு 'தி'. இவற்றில் பெரும்பாலானவை ஈற்று உயிரையும் உதிர்த்துவிட்ட வெறும் அடிகள். நாளெல்லாம் வாயில் புழங்கும் வினைகள் தேய்ந்து தேய்ந்து, தமிழ் ஏவல் தொடங்கும் இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. தமிழில் ஏவலில் வழுவும் வினைகள் மிகச் சில. வருகிறான், தருகிறான் என்பவற்றுக்கு ஏவல் 'வரு', 'தரு' என்று வராமல் வா, தா என்று வருவது அவற்றில் முதன்மையானது. இரண்டு மொழிகளிலும் 'வா' என்ற வினை விதிக்கு வெளியே நிற்கிறது. ஓயாமல் சொல்லப்படும் சொல் தன் பழைய வடிவத்தை எளிதில் விடாது.

இனி மரியாதை. இங்கேதான் ஸ்பானியம் பலரையும் குழப்புகிறது. இங்கேதான் தமிழ் இலக்கணம் பெரிதும் உதவும்.

ஒருவரை மதித்து அழைக்கும் ஸ்பானியச் சொல் 'உஸ்தேத்'. 'புவெஸ்த்ரா மெர்ஸேத்' என்ற தொடர் சிதைந்து இச்சொல் ஆனது. 'தங்கள் அருள்' என்பது அத்தொடரின் பொருள். எதிரே நிற்பவரை 'நீ' என்று சுட்டாமல், அவருடைய அருளைச் சுட்டுவது மரியாதை ஆயிற்று. அருள் என்பது படர்க்கை. ஆகவே வினையும் படர்க்கையில் வந்தாக வேண்டும். படர்க்கையில் நிற்பதற்கு ஏவல் இல்லை. எதிரில் இல்லாத ஒன்றை யாரும் ஏவ முடியாது. 'தங்கள் அருள் பாடட்டும்', 'பாடுக' என்று விரும்பத்தான் முடியும். விருப்பத்தைச் சொல்லும் வினைவடிவம் ஸ்பானியத்தில் ஏற்கெனவே இருந்தது: 'காந்தெ', 'கோமா', 'ஆப்ரா'. அதையே மரியாதைக் கட்டளை எடுத்துக்கொண்டது. உயிரெழுத்து இடம் மாறுவதற்கு இதுதான் காரணம். அந்த மாற்றம் கட்டளைக்காக ஏற்பட்டதன்று; வேண்டுதலுக்கு உரியது.

இந்த வேண்டல் வடிவத்தை ஸ்பானியம் அறியாத தமிழரும் கேட்டிருப்பார்கள். 'விவா' என்று முழங்குகிறார்களே, அது 'வாழ்க' என்பதன் நேர் வடிவம். பொருளும் அதே, இலக்கண வகையும் அதே. 'பிபீர்' என்று ஒலிக்கும், வாழ்தல் என்ற வினையின் வியங்கோள் அது. நம் மேடைகளில் வாழ்க, வெல்க, ஒழிக என்று ஒலிப்பவை எல்லாம் எந்த வடிவமோ அந்த வடிவம். வாழ்க என்று முழங்கும் அதே சொல்லை ஸ்பானியர் ஒரு பெரியவரிடம் 'வாழுங்கள்' என்று சொல்லவும் பயன்படுத்துகிறார். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அட்டவணையின் பாதி தானே விளங்கிவிடும்.

தமிழிலும் வியங்கோள் இதே பயணத்தைச் செய்திருக்கிறது. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்று தொல்காப்பியம் வினையியலில் சொல்கிறது. அங்கே அது பெரும்பாலும் படர்க்கைக்கு உரியது. பல நூற்றாண்டுகள் கழித்து நன்னூல், வியங்கோள் எல்லா இடங்களுக்கும் பால்களுக்கும் வரும் என்கிறது. இடையில் படர்க்கையை நோக்கிய விருப்பம் முன்னிலையை நோக்கிய பணிவான கட்டளையாகவும் வளர்ந்துவிட்டது. இன்று பள்ளித் தேர்வுத்தாளில் 'விடையளிக்க', 'பொருள் தருக', 'நிரப்புக' என்று வருவது அந்த வளர்ச்சியின் எச்சம். எதிரே முகம் இல்லாத மாணவரை 'எழுது' என்று ஏவ ஆசிரியருக்கு மனம் வருவதில்லை, வியங்கோள் கைகொடுக்கிறது. ஸ்பெயின் நாட்டுத் தேர்வுத்தாளிலும் 'உஸ்தேத்' வடிவத்தைக் காணலாம்.

வடமொழியில் 'பவான்' என்ற மரியாதைச் சொல்லும் படர்க்கை வினையையே ஏற்கும். 'தாங்கள் வருக' என்பதற்கு 'அவர் வரட்டும்' என்ற வடிவம் வரும். தமிழையும் வடமொழியையும் இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு ஆழ்வார்திருநகரியில் ஒரு மரபே உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அவ்வூர்ச் சுப்பிரமணிய தீட்சிதர் எழுதிய பிரயோக விவேகம், காரகம், சமாசம், தத்திதம், திங் என்று வடமொழி இலக்கணத்தின் நான்கு பகுதிகளில் தமிழை அடுக்கிப் பார்த்தது. அதற்கு முந்திய நூற்றாண்டில் அதே ஊரின் திருக்குருகைப் பெருமாள் கவிராயர் நம்மாழ்வாரைப் பாட்டுடைத் தலைவராக்கி மாறனலங்காரம் செய்தார். தீட்சிதர் தமிழை வடமொழிச் சட்டத்துக்குள் திணித்தார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. ஆயினும் ஒரு மொழியின் வழக்கை இன்னொரு மொழியின் விதியால் சோதித்துப் பார்க்கும் துணிவு அந்நூலில் இருக்கிறது. ஸ்பானியத்தைத் தமிழ் விதியால் சோதிக்க முனைபவருக்கு அவர் முன்னோடி.

இந்த வட்டாரத்துப் பேச்சைக் கேட்டாலே கட்டளையின் படிகள் தெரியும். நண்பனிடமும் தம்பியிடமும் 'ஏல, வா' என்பார்கள். கொஞ்சம் வயதானவரிடம், அல்லது சமமான மதிப்புள்ள ஆளிடம், 'வாரும்', 'உக்காரும்', 'சொல்லும் வே' என்பார்கள். 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் நடுவே 'நீரு' இன்னும் உயிரோடு இருக்கும் மண் இது. பெரியவர்களிடமும் அறிமுகமில்லாதவர்களிடமும் 'வாங்க', 'சொல்லுங்க'. அக்ரகாரத்தில் 'வாங்கோ', 'சொல்லுங்கோ'. கோயிலைச் சார்ந்த வைணவப் பேச்சில் ஏவல் அறவே மறைந்துவிடும். ஆசாரியரிடம் 'சொல்லுங்கள்' என்று சொல்ல மாட்டார்கள். 'தேவரீர் சாதிக்கணும்' என்பார்கள். 'வாருங்கள்' என்பதற்கு 'எழுந்தருளணும்'. 'தேவரீர்' என்ற விளியை 'புவெஸ்த்ரா மெர்ஸேத்' என்பதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் எதிரே நிற்கும் மனிதர் ஒரு பெருமைச் சொல்லுக்குப் பின்னால் போய்விடுகிறார். வினையும் அவரை நேரே தொடுவதில்லை. இன்னும் ஒரு படி மேலே போனால் வினையே இல்லாத கட்டளை உண்டு. வைணவக் கோயில்களில் கைங்கரியம் செய்பவரை அழைக்கும்போது 'அருளப்பாடு' என்ற பெயர்ச்சொல்லைத்தான் உரக்கச் சொல்வார்கள். அழைக்கப்பட்டவர் 'நாயிந்தே' என்று பதில் கொடுத்து முன்வருவார். அரையர் சேவை இன்றும் நடக்கும் மிகச் சில தலங்களில் ஆழ்வார்திருநகரியும் ஒன்று. அங்கே இந்த முறையின் மிடுக்கை நேரில் பார்க்கலாம்.

தொல்காப்பியர் இந்தப் படிகளை ஒரே செயலில் காட்டிவிடுகிறார். ஒன்றைக் கேட்டுப் பெறும்போது தாழ்ந்தவன் 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான் என்று எச்சவியலில் வரையறுக்கிறார். ஸ்பானியம் ஒரே வினையின் உயிரெழுத்தை மாற்றிச் செய்வதைத் தமிழ் அன்று மூன்று வினைகளைக் கொண்டு செய்திருக்கிறது.

ஸ்பானியமும் தாமிரபரணியும் சந்தித்தது கற்பனையன்று. ஆழ்வார்திருநகரிக்குக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் இருக்கிறது. ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில் 1506இல் பிறந்த பிரான்சிஸ் சேவியர் 1542இல் இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கட்டளைகளையும் செபங்களையும் தமிழறிந்தவர் துணையோடு மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்ததாக 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் சொல்கிறது. ஸ்பானியம் அறிந்த ஒருவர் இந்தக் கரையில் தமிழில் சொல்லிக் கொடுத்த முதற் பாடங்களில் கட்டளைகளும் இருந்தன என்பது என்னை ஈர்க்கும் செய்தி.

அந்தப் பத்துக் கட்டளைகளைக் கவனித்தால் இன்னொரு வாசலும் திறக்கும். ஸ்பானிய ஞானோபதேச நூல்கள் அவற்றை ஏவலாகச் சொல்வதில்லை. எதிர்கால வினையில் சொல்கின்றன. 'அன்பு செய்வாய்', 'கொல்ல மாட்டாய்' என்பது போன்ற வடிவம் அது. தமிழ் விவிலியத்தில் 'கனம்பண்ணுவாயாக' என்று வரும் வினையைப் பிரித்துப் பாருங்கள். 'கனம்பண்ணுவாய்' என்ற எதிர்காலம், அதன்மேல் 'ஆக' என்ற வேண்டல். மிக உயர்ந்த இடத்திலிருந்து வரும் கட்டளை ஏவலின் அவசரத்தில் பேசாமல், இனி இப்படியே நடக்கும் என்று எதிர்காலத்தைச் சொல்கிறது.

சேவியருக்குப் பிறகு வந்த என்ரீக்கே என்ரீக்கஸ் தமிழில் மிக ஆழமாகப் போனார். போர்த்துக்கல்லில் 1520இல் பிறந்தவர்; 1546இல் இந்தியா வந்து, 1600இல் இறக்கும்வரை அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்தார்; அதன் பெரும்பகுதி இக்கரையில்தான் கழிந்தது. ஏறத்தாழ 1549இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம். அதன் கையெழுத்துப் படி லிஸ்பனில் உள்ளது. ஜீன் ஹைனும் வி. எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது. ஜுவாவ் தெ பாரோஸ் 1540இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய இலக்கணம் அவருக்குத் துணையாக இருந்த நூல்களில் ஒன்று. புலவர்களின் செய்யுள் வழக்கை விட்டு, கடற்கரை மக்கள் வாயில் கேட்ட தமிழை லத்தீன் சட்டத்தில் அவர் அடுக்கினார். அந்தச் சட்டத்தில் கட்டளைக்கென்று ஓர் அறை ஏற்கெனவே இருந்தது. போர்த்துக்கீசியமும் இவ்வகையில் ஸ்பானியத்தின் உடன்பிறப்பே. நெருக்கத்தில் அடி, மரியாதையில் வேண்டல். தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூல்களில் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்தது, மொழிபெயர்த்தவர் என்ரீக்கஸ். அந்நூலின் கடைசிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும் காட்டப்பட்டுள்ளன. கோவாவில் தமிழ் எழுத்தை வார்த்த ஜுவான் கொன்சால்வெஸ் ஒரு ஸ்பானியர்.

இப்படித் தமிழை ஐரோப்பியர் தம் சட்டத்தில் அடுக்கிய வேலை இந்த வட்டாரத்தில் முந்நூறு ஆண்டுகள் தொடர்ந்தது. காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர், பாளையங்கோட்டையில் ரேனியஸ், சாயர்புரத்தில் ஜி. யு. போப், இடையன்குடியில் கால்டுவெல் என்று வரிசை நீளும். எல்லாம் அவர்கள் நம் மொழியைக் கற்பதற்காகச் செய்தவை. நாம் அவர்கள் மொழியைக் கற்பதற்குத் தொல்காப்பியத்தையும் நன்னூலையும் சட்டமாக வைத்து எழுதிய இலக்கணங்கள் அந்த அளவுக்கு வளரவில்லை. இந்தக் குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. இருபது நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் ஸ்பானியத்தை வேலைக்காகவும் படிப்புக்காகவும் கற்கும் தமிழர் இன்று பெருகிவருகிறார்கள்.

அப்படி எழுதப்படும் இலக்கணத்தில் எதிர்மறைக்குத் தனி இயல் வேண்டும். ஸ்பானியத்தில் 'பாடு' என்பது 'காந்தா'. 'பாடாதே' என்பது 'நோ காந்தெஸ்'. 'நோ' என்பது 'இல்லை' என்று பொருள்படும் சொல். அதைச் சேர்த்ததும் வினை ஏவலை விட்டு வேண்டல் வடிவத்துக்குப் போய்விடுகிறது. உடன்பாடும் மறையும் ஒரே அச்சில் வராது. தமிழ்ப் பிள்ளைக்கு இதுவும் புதிதன்று. ஆத்திசூடியில் உடன்பாடு 'விரும்பு' என்று வெறும் அடியாகவும், மறை 'ஏல்' விகுதி சேர்ந்தும் வருவதை மழலையிலேயே அது ஓதியிருக்கும். பழைய 'செய்யாய்' இன்னும் நுட்பமானது. 'நீ செய்வாயாக' என்ற ஏவலும் அதுதான், 'நீ செய்யமாட்டாய்' என்ற மறையும் அதுதான். 'பாடேன்' என்று கொஞ்சிக் கேட்கும்போது அது இனிய வேண்டுகோள். அதே 'பாடேன்' அடம்பிடிப்பவர் வாயில் மறுப்பு. எந்தப் பொருள் என்பதைச் சூழலும் குரலும் சொல்லிவிடும். 'காந்தா' என்பது கட்டளையா, 'அவன் பாடுகிறான்' என்ற செய்தியா என்று திகைக்கும் மாணவரிடம் இதைச் சொன்னால் போதும்.

கதவுகளிலும் சுவர்களிலும் எழுதும் அறிவிப்புகளிலும் ஓர் ஒப்புமை உண்டு. 'காலணிகளை இங்கே விடவும்', 'வரிசையில் வரவும்' என்று நாம் எழுதுவது 'விட', 'வர' என்ற வினையெச்சத்தோடு 'உம்' சேர்ந்த வடிவம். அதில் முன்னிலை விகுதியே இல்லை. அதனால் யாரையும் குத்துவதும் இல்லை. ஸ்பானிய அறிவிப்புகளும் பல இடங்களில் 'கந்தார்', 'அப்ரீர்' போன்ற அகராதி வடிவத்தையே கட்டளையாக எழுதுகின்றன. 'நோ ஃபுமார்' என்றால் புகைக்க வேண்டாம். இழுக்கும் கதவில் மட்டும் பெரும்பாலும் 'தீரெ' என்று உஸ்தேத் வடிவத்தைப் பார்க்கலாம்.

கற்பிக்கும் வரிசை பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதல் நாள் 'வாழ்க', 'விவா' இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் எழுத வேண்டும். அதிலிருந்து 'கோமா', 'ஆப்ரா'. பிறகு உயிர் மாறி வரும் 'காந்தெ'. மரியாதைக் கட்டளை முதலில் வரட்டும். முன்பின் தெரியாத ஊருக்குப் போகிறவருக்கு அதுதான் முதலில் தேவை. அடுத்த நாள் அடியை மட்டும் நிறுத்தி 'காந்தா', 'கோமெ', 'ஆப்ரெ'. அதன் பிறகு ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்கு 'கந்தாத்', மெக்சிகோவுக்கும் பெருவுக்கும் போகிறவர்களுக்கு 'காந்தென்'. எனக்கு, உனக்கு என்ற சொற்கள் உடன்பாட்டுக் கட்டளையின் வாலில் ஒட்டிக்கொள்வதும், 'காந்தாமெ' என்றால் 'எனக்காகப் பாடு' என்றாவதும், மறையில் அவை வினைக்கு முன்னால் ஓடிவிடுவதும் அடுத்த வாரத்துப் பாடம்.